ரோமாபுரி ருசித்த பூநாரை நாக்கு

கி.பி. 69ஆம் ஆண்டில் ரோமாபுரி நான்கு பேரரசர்களைப் பார்த்தது. மூன்றாவதாக வந்தவர் விட்டெல்லியுஸ். ஏப்ரலில் செனட் சபை அவரை ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் நகரத் தெருவிலேயே அவரை இழுத்துவந்து கொன்றார்கள். இடைப்பட்ட எட்டு மாதங்களில் அவர் நாட்டுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் அதிகம் சொல்வதில்லை. என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள்.

அவர் தலைநகருக்குள் நுழைந்ததைக் கொண்டாட அவருடைய தம்பி ஒரு விருந்து வைத்தார். பொறுக்கி எடுத்த 2,000 மீன்களும் 7,000 பறவைகளும் பந்தியில் வந்தன என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெடோனியுஸ். அண்ணனுக்கு அது போதவில்லை. தன் பங்குக்கு ஒரு மாபெரும் தட்டைச் செய்யச் சொல்லி, அதற்கு 'மினர்வாவின் கேடயம்' என்று பெயரும் வைத்தார். மினர்வா நகரைக் காக்கும் தெய்வம். அந்தத் தெய்வத்தின் கேடயத்தில் பரிமாறப்பட்டவை: கிளிமீனின் ஈரல், காட்டுக்கோழி, மயில் ஆகியவற்றின் மூளை, விலாங்கு போன்ற ஒரு கடல்மீனின் விந்துப்பை, பூநாரையின் நாக்கு. இவற்றைத் திரட்டப் பார்த்தியா எல்லையிலிருந்து ஸ்பெயின் நீரிணை வரை போர்க்கப்பல்களும் அவற்றின் தலைவர்களும் அலைந்தார்கள்.

தட்டைப் பற்றியே இரண்டு கதைகள் உண்டு. அதே காலத்தில் வாழ்ந்த பிளினி, அது மண்தட்டு என்றும், அதைச் சுடுவதற்கென்றே திறந்தவெளியில் தனிச் சூளை கட்டினார்கள் என்றும், பத்து லட்சம் செஸ்டெர்ஸ் நாணயம் செலவானது என்றும் எழுதுகிறார். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் காஸியுஸ் தியோ, அவ்வளவு பெரிய தட்டை மண்ணில் செய்ய முடியாததால் வெள்ளியில் வார்த்தார்கள் என்கிறார். அது கோயில் காணிக்கைபோலப் பாதுகாக்கப்பட்டு, பின்னாளில் பேரரசர் ஹாட்ரியன் கண்ணில் பட, அவர் அதை உருக்கிவிட்டாராம். மண்ணோ வெள்ளியோ, விலையில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அன்று ஒரு ரோமானியக் காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் ஓராண்டுச் சம்பளம் ஒரே தட்டில் போயிருக்கிறது.

நாக்கின் மேல் இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டவர் யார் என்பதற்கும் பிளினியே சாட்சி. பேரரசர் திபேரியுஸ் காலத்தில் வாழ்ந்த செல்வந்தர் அபிகியுஸ்தான் பூநாரை நாக்குக்குத் தனிச்சுவை உண்டு என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர். சொல்லும்போதே அந்த மனிதரைத் தின்றழிப்பவர்களில் எல்லாம் ஆழமான மடு என்று ஒரு குத்தும் வைக்கிறார் பிளினி. அபிகியுஸின் முடிவைத் தத்துவவாதி செனெகா எழுதியிருக்கிறார்: பணத்தைச் சமையலறைக்குக் கொட்டிய பிறகு ஒருநாள் கணக்குப் பார்த்தால் கையிருப்பு ஒரு கோடி செஸ்டெர்ஸ்தான் மிச்சம். இனி பட்டினிதான் என்று எண்ணி நஞ்சு குடித்துவிட்டார்.

இதே செனெகா ஒரு கடிதத்தில் பூநாரை நாக்கையும் தொடுகிறார். ஆயிரம் ராத்தல் காட்டுப்பன்றியும் பூநாரை நாக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது பெரிய துறவு ஆகிவிடாது. சாதாரண ரொட்டியையும் வேண்டாம் என்று சொல்லிப் பார், அப்போது மெச்சுகிறேன் என்பது அவர் வாதம். நகைச்சுவைக் கவிஞர் மார்ஷியல் வேறு வழியில் போகிறார். சாட்டர்னாலியா பண்டிகையில் பரிமாறிக்கொள்ளும் பரிசுகளோடு சேர்த்துக் கொடுக்க இரண்டிரண்டு அடிகளாக அவர் எழுதிய தொகுப்பில் பூநாரையே பேசுகிறது. பெயர் கிடைத்தது சிவந்த சிறகால். தின்பவர்களுக்குப் பிடித்ததோ நாக்கு. அந்த நாக்குக்கே பேச்சு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது அதன் கேள்வி. பேசியிருந்தால் எத்தனை வீட்டு ரகசியம் வெளியே வந்திருக்குமோ!

ஆக, நாக்கைப் பற்றி நமக்குச் செய்தி தருகிறவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். ஒழுக்கம் பேசும் தத்துவவாதி, பெருந்தீனியை இகழும் அறிஞர், கிண்டல் கவிஞர், வீழ்ந்த அரசனைத் தூற்றும் வரலாற்றாசிரியர். சமைத்தவர்கள் யாரும் இல்லை.

அபிகியுஸ் பெயரில் இன்று கிடைக்கும் லத்தீன் சமையல் நூல் அவர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் தொகுக்கப்பட்டது. அதில் பூநாரைக்கு இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. இரண்டும் முழுப் பறவைக்குத்தான். நாக்கைத் தனியே எடுத்துச் சமைக்கும் முறை எதுவும் அங்கே இல்லை. முதல் குறிப்பு இப்படிப் போகிறது: இறகு பிடுங்கி, கழுவி, கால் இறக்கைகளைக் கட்டி, பானையில் தண்ணீர், உப்பு, சதகுப்பை, கொஞ்சம் காடியோடு வேகவை. பாதி வெந்ததும் லீக்ஸும் கொத்தமல்லியும் ஒரு கட்டாகக் கட்டிப் போடு. இறக்கும் முன் திராட்சைச் சாற்றைக் குறுக்கிய பாகு ஊற்றினால் நிறம் வரும். பிறகு மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை, பெருங்காய இனத்து வேர், புதினா, அருவதா ஆகியவற்றை உரலில் இடித்து, காடி விட்டு, பேரீச்சம்பழம் சேர்த்து, பறவை வெந்த சாற்றையே ஊற்றி, மாவு கரைத்துக் கெட்டியாக்கி மேலே ஊற்று. குறிப்பின் கடைசியில் ஒரு வரி: கிளிக்கும் இதையே செய்யலாம்.

இந்தக் குழம்பின் பாதிச் சரக்கைத் தமிழ்நாட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே எடுத்துவிடலாம். மிளகோ அன்றைய சேரநாட்டுக் கரையிலிருந்தே கப்பலேறிப் போனது. முசிறித் துறையில் ஏறிய மூட்டைகள் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் இறங்கி, பாலைவனம் கடந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும் அங்கிருந்து இத்தாலிக்கும் சென்றன. பெரெனிகேயில் அகழாய்வு செய்தவர்கள் கோயில் ஒன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ கருமிளகைக் கண்டெடுத்தார்கள். ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ், அதாவது 16 செஸ்டெர்ஸ். இந்தக் காரத்துக்காகவா இந்தியா வரை போகிறோம் என்று அலுத்துக்கொண்டவரும் பிளினிதான். குழம்புக் குறிப்பின் கடைசி வரியில் வரும் கிளியையும் இந்தியாதான் அனுப்புகிறது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பூநாரைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றி உப்பேரிகளும் கழிமுகங்களும் இருக்கும் இடமெல்லாம் அது உண்டு. தெற்கு ஸ்பெயினின் உப்பேரிகள், பிரான்ஸின் ரோன் நதி முகத்துவாரம், வட ஆப்பிரிக்கக் காயல்கள் எல்லாம் பேரரசுக்குள்ளேயே இருந்தன. ஆனாலும் ஆயிரக்கணக்கில் கூடி நின்று, ஒன்று மிரண்டால் அத்தனையும் எழும்பிவிடும் பறவையைப் பிடிப்பது எளிதல்ல. கிடைத்த ஒவ்வொரு பறவைக்கும் நாக்கு ஒன்றுதான். இந்தப் பண்டத்தின் மதிப்பு பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு தட்டு நாக்கு என்றால் பின்னால் எத்தனை உடல்கள் கிடக்கின்றன என்று விருந்தாளி மனத்துக்குள் கூட்டிப் பார்த்துக்கொள்வான்.

அரண்மனையில் பூநாரைக்கு வேறு வேலையும் இருந்தது. தன்னைத் தெய்வமாக அறிவித்துக்கொண்ட பேரரசர் காலிகுலா தன் சந்நிதியில் நாளுக்கொரு இனமாகப் பறவைப்பலி கொடுக்கச் சொன்னார். அந்தப் பட்டியலில் மயிலோடும் கினிக்கோழியோடும் பூநாரையும் இருந்தது. கி.பி. 41 ஜனவரியில் அவர் கொலையுண்டதற்குச் சற்று முன் பலி கொடுக்கையில் பூநாரை ரத்தம் அவர் மேல் தெறித்ததாகவும், அது அபசகுனமாக எண்ணப்பட்டதாகவும் சுவெடோனியுஸ் எழுதுகிறார். அங்கதக் கவிஞர் ஜூவெனல் தரும் காட்சி இன்னும் ருசியானது. ரோமின் சந்தடி மிகுந்த சுபுரா பகுதியில் டிரிஃபெரஸ் என்பவர் கறி அறுக்கும் கலைக்கு ஒரு பள்ளியே நடத்துகிறார். முயல், பன்றி, பூநாரை எல்லாம் எல்ம் மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் மழுங்கிய கத்தியால் அந்த மர விருந்தை அறுத்துப் பழகும் சத்தம் தெருவெல்லாம் கேட்கிறது.

பூநாரை நாக்கு என்றதும் இன்று பலரும் சொல்லும் இன்னொரு பெயர் எலகாபலஸ். கி.பி. 218 முதல் 222 வரை ஆண்ட இளைஞர். அவர் பூநாரை நாக்கு தின்றார் என்று எத்தனையோ நூல்கள் எழுதிவிட்டன. மூலத்தைத் திறந்தால் கதை வேறு. அவர் தின்றதாக அங்கே சொல்லப்படுவது மயில், இராப்பாடி ஆகியவற்றின் நாக்கு. அதுவும் கொள்ளைநோய் அண்டாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு. பூநாரையில் அவர் அரண்மனைப் பணியாளர்களுக்குக் குவித்துப் பரிமாறியது மூளை. இதைச் சொல்லும் 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற நூலோ அளப்புக்குப் பேர்போனது. அந்த நூலை நம்பி ஒரு பறவையின் மூளையைக்கூட எண்ண முடியாது.

நாக்கில் அப்படி என்ன இருந்தது? இதற்கு ரோமானியர் யாரும் விடை எழுதிவைக்கவில்லை. விடை 17ஆம் நூற்றாண்டின் ஒரு கடற்கொள்ளைக்காரரிடமிருந்து வந்தது. ஆங்கிலேயரான வில்லியம் டாம்பியர் 1683இல் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள வெர்டே முனைத் தீவுகளில் ஒன்றான சால் தீவில் பூநாரைகளைப் பார்த்தார். 1697இல் வெளியான தன் பயண நூலில், சேற்றைக் குவித்துக் கட்டிய கூட்டின் வடிவத்தை விவரிக்கும் அதே கையோடு சமையலையும் எழுதுகிறார். தானும் வேறு இருவரும் அந்திவேளையில் பதுங்கிப் போய் 14 பறவைகளைக் கொன்றதையும் மறைக்கவில்லை. இறைச்சி கறுப்பு, கொழுப்பில்லாதது, ஆனாலும் ருசிதான். நாக்கு பெரியது, அதன் அடியில் கொழுப்பு ஒரு முடிச்சாகத் திரண்டிருக்கும், அதுதான் அருமையான கவளம். அரசகுமாரன் பந்திக்கே தகும் என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்.

அந்தக் கொழுப்பு தின்பவருக்காகத் திரண்டதல்ல. அது அங்கே இருப்பதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள அலகிலிருந்து தொடங்க வேண்டும்.

பூநாரை மேயும்போது தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. உச்சந்தலை கீழே, தாடை மேலே. கழுத்தை வளைத்து, அலகின் முனை தன் கால் பக்கம் நோக்கும்படி தண்ணீருக்குள் விடுகிறது. அதனால் நமக்கு மேலலகாகத் தெரிவது அதற்கு வேலைநேரத்தில் கீழலகு. அமைப்பும் அதற்கேற்பவே மாறியிருக்கிறது: மற்றப் பறவைகளில் கனத்த மேலலகின் அடியில் மெலிந்த கீழலகு இருக்கும். பூநாரையிலோ மேலலகு மூடியளவுக்குத் தட்டையாக மெலிந்துவிட்டது. கீழலகு ஆழமான தொட்டியாகப் பருத்துவிட்டது. இரண்டும் நடுவில் சட்டென்று மடிந்து இறங்குகின்றன. இந்த மடிப்பும் அழகுக்காக வந்ததல்ல. நேரான நீள அலகைக் கொஞ்சம் திறந்தால் நுனியில் இடைவெளி அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். நடுவில் மடிந்த அலகைத் திறந்தால் இடைவெளி நெடுகிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாக அமைகிறது. வடிகட்ட அதுதான் வேண்டும்.

வடிகட்டி அலகின் உள்விளிம்பில் இருக்கிறது. வரிசை வரிசையாக மெல்லிய தகடுகள். வெளி ஓரத்தில் பெரிய துணுக்குகளைத் தடுக்கும் கொக்கிகள். கீழலகின் தொட்டியை நிறைத்துக்கொண்டு படுத்திருக்கிறது நாக்கு. தடித்து, உருண்டு, மிருதுவாக. அது வெளியே நீளாது, எதையும் நக்காது. அடிபம்பின் பிஸ்டன் குழாய்க்குள் போய்வருவதுபோல அந்தத் தொட்டிக்குள் முன்னும் பின்னும் போய்வருவதே அதன் தொழில். நாக்கு பின்னால் இழுபட்டால் சேற்று நீர் உள்ளே பாய்கிறது. முன்னால் தள்ளினால் நீர் தகடுகளின் வழியே வெளியேற, இரை தங்கிவிடுகிறது. நாக்கின் மேல் இரு ஓரங்களிலும் தொண்டையைப் பார்த்தபடி முட்கள் இருக்கின்றன. தகடுகளில் ஒட்டிய இரையை அடுத்த இழுப்பில் வழித்து உள்ளே அனுப்புபவை இவை. பெரும்பூநாரை இதை நொடிக்கு நான்கைந்து முறை செய்கிறது. சிறுபூநாரை 20 முறை வரை. தொட்டியை இடைவெளியில்லாமல் அடைத்துக்கொண்டு ஓடவேண்டிய உறுப்பு வெறும் தசையாக இருந்தால் சரிவராது. சதைப்பற்றும் நெகிழ்வும் வேண்டும். அபிகியுஸ் ரசித்தது ஒரு பம்பின் அடைப்புப் பொருளை!

அலகு தலைகீழானது என்று எழுத்தில் வைத்த தொடக்கக்கால ஆய்வாளர்களில் ஒருவர் நெஹெமையா குரூ. தாவரங்களின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்த்துப் புகழ்பெற்ற மருத்துவர். லண்டன் ராயல் சொசைட்டியின் அரும்பொருள்களுக்கு 1681இல் அவர் போட்ட பட்டியலில் பூநாரையின் தலையும் இருந்தது. தான் பார்த்த எல்லாப் பறவைகளுக்கும் மாறாக இதில் மேலலகு கீழலகைவிட மெலிந்து சிறுத்திருப்பதைக் கவனித்த அவர், அப்படியானால் அசைவது மேலலகாகவும் அதைத் தாங்கிக்கொள்வது கீழலகாகவும் இருக்கவேண்டும் என்று எழுதினார். உலர்ந்த மண்டையோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது சாதாரணமில்லை.

அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் பெரிதாக எதுவும் நகரவில்லை. 1830களில் லண்டனில் உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் பூநாரையை அறுத்துப் பார்த்து, நாக்கின் பெரும்பகுதி தசையல்ல, எண்ணெய்ப்பதத்தில் கொழுப்பு நிறைந்த மென்திசு என்று பதிவுசெய்தார். டாம்பியரின் கவளத்துக்கு உடற்கூற்றியலின் கையொப்பம். அதே காலத்தில் அமெரிக்காவில் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் இந்தப் பறவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1832இல் ஃபுளோரிடாவின் தென்முனைத் தீவுகளில் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தாரே தவிர, ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. கடைசியில் கியூபாவிலிருந்துதான் உடல்கள் வந்தன. 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பின் 431ஆவது ஓவியமாக 1838இல் அது வெளியானது. மூன்றேகால் அடித் தாளில் முழு உருவம் அடங்க வேண்டுமே என்று கழுத்தை வளைத்துக் குனியவிட்டிருக்கிறார். மேலே வெற்றிடத்தில் அலகையும் நாக்கையும் தனித்தனிக் கோட்டுப்படங்களாக எண்ணிட்டு வரைந்திருக்கிறார். தாளை நிறைக்கும் சிவப்பில் கண் மயங்கி அந்தச் சிறு படங்களைத் தவறவிடுகிறவர்களே அதிகம்.

நாக்கு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதை முழுமையாக விளக்கியவர் பெனலோப் ஜென்கின். கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகளை ஆராய 1929இல் போன குழுவில் இருந்த விலங்கியலாளர் அவர். அங்கே பார்த்ததும் பின்னர் ஆய்வுக்கூடத்தில் அளந்ததும் சேர்ந்து ராயல் சொசைட்டியின் இதழில் நீண்ட கட்டுரையாக வெளியானபோது ஆண்டு 1957. இருபத்தெட்டு வருஷம்! ஒரே ஏரியில் இரண்டு இனப் பூநாரைகளும் சண்டையின்றி மேய்வது எப்படி என்ற கேள்விக்கும் அந்தக் கட்டுரையில் விடை இருந்தது. பெரும்பூநாரையின் தகடுகள் முரடானவை. சிறு நத்தை, உப்பு இறால், பூச்சிப் புழு இவை சிக்கும். சிறுபூநாரையின் தகடுகள் மிக நெருக்கம். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகூட நிற்கும். தண்ணீர் ஒன்றுதான், வடிகட்டி வேறு.

ஜென்கினோடு கதை முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்திருப்பார்கள். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கேஸி ஹாலிடே குழுவினர் இறந்த பூநாரைகளின் ரத்தக்குழாய்களில் நிறமேற்றிய திரவம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நாக்கின் இரு பக்கங்களிலும் அதுவரை யாரும் விவரிக்காத பெரிய ரத்தப் பைகள் இருந்தன. அவை நிரம்பும்போது நாக்கும் வாயின் அடித்தளமும் விறைத்து உறுதிபெறும்; மிருதுவான நாக்கு இவ்வளவு வேகமாக ஓடியும் குழையாமல் இருப்பதற்கு அது உதவுகிறது என்பது அவர்கள் கருத்து.

இந்த அலகு வேலை செய்வதை நேரில் பார்க்கத் தமிழ்நாட்டில் பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி என்று இடங்கள் உண்டு, இலங்கையில் மன்னார். 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பெரும்பூநாரை சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆழமில்லாத நீரில் பறவை ஒரே இடத்தில் நின்று காலால் மிதித்து மிதித்துச் சுற்றும். தண்ணீர் வற்றியபின் அந்தச் சேற்றில் வட்ட வட்டமான மேடுகள் தெரியும். உணவு தேடிச் சேற்றைக் கிளறுகிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள்.

கிளறுவது மட்டுமல்ல என்று 2025இல் ஆய்வாளர் விக்டர் ஓர்தேகா ஹிமேனெஸ் குழுவினர் காட்டினார்கள். நாஷ்வில் உயிரியல் பூங்காவின் சிலி நாட்டுப் பூநாரைகளை அதிவேகக் கேமராவில் படமெடுத்து, அலகையும் காலையும் முப்பரிமாண அச்சில் வார்த்து ஓடும் நீரில் சோதித்தார்கள். சவ்வுப் பாதம் மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அலகின் முன்னே நீர் சுழல்கிறது. தலையை நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்கும்போது அடியிலிருந்து ஒரு குட்டிச் சுழற்காற்று எழும்பி வண்டலோடு இரையையும் தூக்குகிறது. அலகு நொடிக்குப் பன்னிரண்டு முறை படபடக்கிறது. மாதிரி அலகில் இந்தப் படபடப்பைச் சேர்த்தபோது அதற்குள் போன உப்பு இறால்களின் எண்ணிக்கை ஏழு மடங்கானது. தப்பி ஓடத் தெரிந்த இரையைச் சுழலில் சிக்கவைத்து, பிறகே நாக்குக்கு அனுப்புகிறது பறவை. இதே முறையில் தண்ணீரிலிருந்து நச்சுப் பாசியையும் நுண்பிளாஸ்டிக் துகள்களையும் பிரித்தெடுக்கும் கருவிகளைச் செய்யமுடியும் என்று அந்தக் குழு கருதுகிறது.